ஆபுத்திரன் ஏன் சிரித்தான்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மறைந்த ஒருவரின் பெயரால் ஆண்டுதோறும் ஓர் உரை நிகழவேண்டும் என்று பணம் ஒதுக்கி வைக்கிறோமே, அதுவே இறப்புக்கு மனிதர் சொல்லிவரும் மறுமொழிகளில் ஒன்று. அமெரிக்காவில் இரண்டு அறக்கட்டளைகள் இன்னும் ஒருபடி மேலே போயின. இறவாமையையே அவை தமக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு கரோலின் ஹாஸ்கெல் இங்கர்சால் என்ற பெண்மணி 1893-இல் எழுதிய உயிலில் 5,000 டாலர் விட்டுச்சென்றார். மனிதரின் இறவாமை பற்றி உரை நடக்க வேண்டும் என்பது அவருடைய தந்தையின் விருப்பம். பேசுபவர் எந்தச் சமயத்தவராகவும் இருக்கலாம், எந்தத் தொழிலினராகவும் இருக்கலாம் என்றும் அந்த உயில் சொன்னது. உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1897-இல் அங்கே பேசினார். மருத்துவர் வில்லியம் ஆஸ்லர் 1904-இல் பேசினார். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் 1928-இல் ஆன்மாவின் இறவாமைக்கென்று ஓர் அறக்கட்டளை தொடங்கியது. மறைந்த தன் சகோதரியையும் அவர் கணவரையும் நினைத்து ஒரு பெண்மணி ஏற்படுத்தியது அது.

அந்த பெர்க்லி மேடையில் 1972-இல் ஏறிய ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ், மேடைக்கே எதிரான கேள்வி ஒன்றைக் கேட்டார். இறவாமை உண்டா இல்லையா என்று அவர் கேட்கவில்லை. கிடைத்தாலும் அது நமக்கு வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றும் முடித்தார். முடிவில்லாத வாழ்வு கடைசியில் தாங்க முடியாத சலிப்பாகத்தான் போய்ச்சேரும் என்பது அவருடைய வாதம். அந்த உரை அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரைத் தொகுப்பில் வெளிவந்தது. இன்றுவரை அதற்கு மறுப்புகளும் ஆதரவுகளும் எழுதப்பட்டு வருகின்றன.

இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பதும் அந்தக் கேள்விதான். இறந்த பின் வாழ்வு உண்டா என்பதை உங்கள் நம்பிக்கைக்கே விட்டுவிடுகிறேன். உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முடிவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். அது வரமா, சலிப்பா?

எலினாவின் 337 வயது

வில்லியம்ஸ் தம் வாதத்தை ஒரு செக் மொழி நாடகத்தின் மேல் எழுப்பினார். கரேல் சாப்பெக் எழுதிய அந்த நாடகம் 1922-இல் பிராக் நகரில் மேடையேறியது. இசையமைப்பாளர் யனாச்செக் அதை இசைநாடகமாக்கி 1926-இல் பர்னோ நகரில் அரங்கேற்றினார்.

கதை இதுதான். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனை மருத்துவர், 300 ஆண்டுகள் ஆயுள் தரும் மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதைக் குடிக்கப் பேரரசருக்கு அச்சம். முதலில் உன் மகளுக்குக் கொடுத்துப் பார் என்கிறார். பதினாறு வயது எலினா மாக்ரோபுலோஸ் குடிக்கிறாள், பிழைத்துக்கொள்கிறாள். அதன் பிறகு ஊர் ஊராக, பெயர் மாற்றி மாற்றி வாழ்கிறாள். உண்மையை யாரிடமும் சொல்ல முடியாது. மருந்தின் வலிமை தீரப்போகும் நேரத்தில், அதன் செய்முறைக் குறிப்பு எழுதிய பழைய தாளைத் தேடிப் புகழ்பெற்ற பாடகியாகப் பிராக் நகருக்கு வருகிறாள். அப்போது அவளுக்கு வயது 337. குரலில் ஒரு குறையும் இல்லை. மனத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. பாடுவதும் பாடாதிருப்பதும் அவளுக்கு ஒன்றாகிவிட்டன. அவள்மேல் மையல் கொண்ட இளைஞன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான் என்று செய்தி வருகிறது. அதைக் கேட்டும் அவள் கலங்கவில்லை. கடைசியில் தாள் கைக்கு வந்தும் அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்டினா என்ற இளம் பாடகியிடம் கொடுக்கிறாள். கிறிஸ்டினா அதைத் தீயில் எரித்துவிடுகிறாள்.

இது மண்ணிலே நீண்டுபோன வாழ்வின் கதைதானே, மறுமையைப் பற்றியது அல்லவே என்று நீங்கள் கேட்கலாம். வில்லியம்ஸ் அதையும் எண்ணிப் பார்த்திருந்தார். மறுமை எந்த வடிவில் வந்தாலும், நாம் அதை விரும்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்றார். அங்கே வாழ்பவர் நானாகவே இருக்கவேண்டும். அந்த வாழ்வு, இன்று நான் பெரிதாக மதிப்பவற்றோடு ஏதேனும் தொடர்பு கொண்டிருக்கவேண்டும். இந்த இரண்டும் சேர்ந்து ஓர் இக்கட்டை உண்டாக்குகின்றன. என் இயல்பு மாறாமல் நிலைத்திருந்தால், அந்த இயல்புக்கு நேரக்கூடியவை எல்லாம் ஒருநாள் நேர்ந்து முடிந்துவிடும். பிறகு எல்லாமே பழையதுதான். இயல்பே மாறிக்கொண்டு போனால் சலிப்பு வராதிருக்கலாம். ஆனால் அப்படி மாறி மாறி வந்து நிற்பவருக்கும் எனக்கும் என்ன உறவு? அவர் அனுபவிக்கும் இன்பத்துக்காக நான் ஏன் இன்று ஏங்கவேண்டும்?

இதை மறுத்தவர்களில் தத்துவ அறிஞர் ஜான் மார்ட்டின் ஃபிஷர் முக்கியமானவர். 1994-இல் எழுதிய கட்டுரையில், எல்லா இன்பங்களும் ஒருமுறை துய்த்தால் தீர்ந்துபோகிறவை அல்ல என்று அவர் காட்டினார். மலையேறி முடித்தேன் என்ற பெருமை ஒருமுறையோடு அடங்கலாம். நல்ல உணவும் நல்ல இசையும் இறைவழிபாடும் இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் மனிதரை நிறைக்கின்றன. சரியான மறுப்புதான். ஆனாலும் எனக்கு மனநிறைவு தரவில்லை. வில்லியம்ஸ், ஃபிஷர் இருவருமே, அந்த முடிவில்லாத காலத்தில் எனக்கு என்ன கிடைக்கும் என்ற ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். ஒருவர் வரவு தீர்ந்துவிடும் என்கிறார், மற்றவர் தீராது என்கிறார்.

எலினாவின் கதையை அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பாருங்கள். அவளை உலர்த்தியது ஆண்டுகளின் எண்ணிக்கைதானா? 300 ஆண்டுகளில் அவளை அவளாக அறிந்தவர்கள் மிகச் சிலர். பிள்ளைகள் பலரைப் பெற்றாள், ஒருவரோடும் ஒட்டவில்லை. ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொய்ப் பெயர். அவள் இல்லாவிட்டால் தவித்துப்போகும் ஓர் உயிரையும் அவள் அருகில் வைத்துக்கொள்ளவில்லை. இப்படி வாழ்ந்தால் முப்பது ஆண்டுகளிலேயே மனம் வறண்டுபோகும்.

இந்திரனுக்குக் கிடைத்த பதில்

இந்தக் கேள்வியைத் தமிழில் வேறு கோணத்தில் கேட்டவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையில் வரும் ஆபுத்திரனைப் பலரும் அமுதசுரபிக்கு உரியவனாக மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம். அவனுக்கும் தேவர்கோனுக்கும் நடந்த உரையாடலை நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

மதுரையில் பிச்சையெடுத்துக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டிவிட்டு, எஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்தவன் ஆபுத்திரன். சிந்தாதேவி என்னும் தெய்வம் அவனிடம் வற்றாத பாத்திரத்தைத் தருகிறாள். நாடு வறண்டு மக்கள் பசியால் வாடிய காலம் அது. அவன் எல்லோர்க்கும் சோறு இடுகிறான். அவனுடைய அறத்தின் வலிமையால் இந்திரனின் இருக்கை நடுங்குகிறது. இந்திரன் முதிய அந்தணன் வடிவில் கோலூன்றி வந்து, உன் கொடைக்குப் பயன் தருகிறேன், என்ன வேண்டும் கேள் என்கிறான்.

ஆபுத்திரன் விலா நோகச் சிரிக்கிறான். இங்கே செய்த நல்வினையின் பயனை அங்கே உண்டுகொண்டிருப்பவர்கள்தான் உன் நாட்டில் இருக்கிறார்கள். அங்கே அறம் செய்பவர் இல்லை, பிறரைக் காப்பவர் இல்லை, தவம் செய்பவரும் பற்றை விட முயல்பவரும் இல்லை. அப்படிப்பட்ட நாட்டுக்கு அரசனான நீ எனக்கு எதைத் தரப்போகிறாய்? பசித்து வந்தவர் உண்டபின் அவர் முகம் மலர்வதை எனக்குக் காட்டுகிறதே இந்தப் பாத்திரம், இதைவிடவா? அவன் சொன்னதன் கருத்து இது.

சொர்க்கத்தைப் பற்றி எந்த நாட்டு இலக்கியத்திலும் இவ்வளவு கூர்மையான விமரிசனத்தை நான் படித்ததில்லை. அங்கே இன்பம் குறையும் என்று ஆபுத்திரன் சொல்லவில்லை. நாளாக ஆகச் சலிக்கும் என்றும் சொல்லவில்லை. முதல் நாளிலிருந்தே அங்கே தனக்கு வேலை இல்லை என்கிறான்.

இந்திரனுக்குச் சினம் வருகிறது. மழையைப் பெய்விக்கிறான். நாடு செழிக்கிறது, பசி ஒழிகிறது, ஆபுத்திரனின் அம்பலத்தில் உண்ண வருவார் யாருமில்லை. ஊர் ஊராகப் போய், உண்பவர் உண்டோ என்று அவன் கேட்கிறான். ஊரார் அவனை எள்ளி நகைக்கிறார்கள். சாவக நாட்டில் மழையின்றி உயிர்கள் மடிகின்றன என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆளில்லாத தீவு. கையில் என்றும் வற்றாத உணவு. சாகும் தேவையே இல்லை அவனுக்கு. ஆனால் பலருயிர் காக்க வந்த பாத்திரத்தை வைத்துத் தன்னுயிரை மட்டும் காத்துக்கொள்ள அவன் மனம் ஒப்பவில்லை. அருள் உடையவர் கையில் சேர்க என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் பாத்திரத்தை விடுகிறான். உண்ணாமல் இருந்து உயிரை விடுகிறான்.

எலினாவுக்கும் ஆபுத்திரனுக்கும் வற்றாத ஒன்று கிடைத்தது. இருவருமே கடைசியில் அதைக் கைவிட்டார்கள். எலினா விட்டது, தன்னுள் ஒன்றும் மிச்சமில்லாததால். ஆபுத்திரன் விட்டது, தன்னிடம் இருந்ததை வாங்கிக்கொள்ள ஆளில்லாததால். முடிவில்லாத வாழ்வைப் பற்றி நாம் கற்கவேண்டிய பாடம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது. ஒருவரும் என்னை நாடாத முடிவின்மையைத்தான் மனித மனம் தாங்காது.

பசி தீர்ந்த நாட்டில் அறம் என்ன செய்யும்?

இங்கே ஒரு மறுப்பு எழவேண்டும். என் வாழ்வுக்குப் பொருள் வேண்டும் என்பதற்காகப் பிறர் என்றென்றும் பசித்திருக்க வேண்டுமா? துன்பமே இல்லாத உலகம் அமைந்தால் அது எனக்குச் சலிக்கும் என்று சொல்வது கொடுமையல்லவா? நியாயமான கேள்வி. மழை பெய்து நாடு செழித்தது நல்லது. அதில் ஐயமே வேண்டாம். ஆபுத்திரனும் அந்த மழையைப் பழிக்கவில்லை.

மனிதருக்கு மனிதர் தேவைப்படுவது பசியோடு முடிந்துவிடுவதில்லை. வயிறு நிறைந்தவருக்கும் கேட்பதற்கு ஒரு காது வேண்டும், கற்றுத்தர ஒருவர் வேண்டும், தன்னைப் புரிந்துகொள்ள ஒருவர் வேண்டும். இவற்றுக்கு அளவு உண்டா? நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் முழுவதும் அறிந்து முடித்துவிட்டார்களா?

ஜேம்ஸ் தம் 1897-ஆம் ஆண்டு உரையில் எடுத்துக்கொண்ட இரண்டு மறுப்புகளில் ஒன்று இதோடு தொடர்புடையது. இதுவரை பிறந்து மாண்ட அத்தனை கோடிப் பேரும் இறவாதிருந்தால் மறுமை நெருக்கடியாகிவிடாதா என்ற மலைப்பு அது. அத்தனை பேரை நம்மால் நேசிக்க முடியவில்லை என்பது நம் பரிவின் குறை என்று ஜேம்ஸ் பதில் சொன்னார். நாம் பொருட்படுத்தாத ஒவ்வோர் உயிருக்குள்ளும் தனக்கே உரிய வேட்கையும் வெப்பமும் உண்டு. அப்படியானால் அந்தப் பெருங்கூட்டத்தில் எனக்கு ஆறுதலே கிடைக்கிறது. ஓர் உயிரை அறிவதற்கே ஓர் ஆயுள் போதவில்லை என்னும்போது, எண்ணற்ற உயிர்களை அறிவதற்கு முடிவில்லாத காலம் அதிகமாகிவிடாது.

இறையன்பர்கள் இதே பதிலை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவின் ஓரிகன் என்ற கிறித்தவ ஞானி, உயிர்கள் இறைவனைக் கண்டுகொண்டிருந்த நிலையிலேயே தெவிட்டிப்போய்க் கீழே விழுந்தன என்று போதித்ததாகச் சொல்வர். சொர்க்கம் சலிக்கும் என்ற அச்சம் அவ்வளவு பழையது. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் அடங்கிய கப்பதோக்கியாவில் வாழ்ந்த நிஸ்ஸாவின் கிரகோரி அதற்கு நேர் எதிராகச் சிந்தித்தார். இறைவனுக்கு எல்லை இல்லை, ஆகவே அவனை நோக்கிய வேட்கைக்கும் எல்லை இல்லை. ஒரு படி ஏறியதும் அடுத்த படிக்கான ஆசை பிறக்கிறது. அந்த ஏற்றத்துக்கு முடிவே வராது என்பதுதான் அதன் பேரின்பம். நம்மாழ்வாரும், ஒவ்வொரு கணமும் புதிதாய்ச் சுவைக்கும் தெவிட்டாத அமுதமாகத் திருமாலைப் பாடினார். கும்பகோணத்துப் பெருமாளை ஆராவமுதன் என்று அழைத்து இன்றும் வழிபடுகிறோம். வைணவம் காட்டும் வைகுந்தத்தில் உயிர் சும்மா அமர்ந்திருப்பதில்லை, தொண்டு செய்துகொண்டே இருக்கிறது. சேக்கிழார் சிவனடியார்களைப் பாடும்போது, அன்பினால் கும்பிடுவதைத் தவிர வீடுபேறும் வேண்டாதவர்கள் என்று அவர்களுக்குப் பெருமை சேர்க்கிறார்.

இவர்கள் காலத்தாலும் இடத்தாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள். ஆனாலும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள். முடிவில்லாத வாழ்வைத் தாங்கும் மனம், தன்னைவிடப் பெரிய ஒன்றின்மேல் கண் வைத்திருக்கும் மனம். வில்லியம்ஸின் இக்கட்டு இங்கே தளர்கிறது. அன்பு செலுத்துபவர் மாறிக்கொண்டே இருக்கிறார், ஆனால் அந்நியராகிவிடுவதில்லை. யாரை நேசிக்கிறாரோ அவரோடான உறவுதான் பழைய என்னையும் புதிய என்னையும் பிணைத்து வைக்கிறது.

யாருக்காக மறுமை?

தத்துவ நூல்களை விட்டுச் சாவு நடந்த வீட்டுக்கு வருவோம். மகனைப் பறிகொடுத்த தாயிடம், முடிவில்லாத வாழ்வு சலித்துவிடுமே என்று யாராவது சொல்வார்களா? அவள் தனக்காக நித்திய வாழ்வைக் கேட்கவில்லை. போன பிள்ளை எங்கேயாவது இருக்கவேண்டும் என்று கேட்கிறாள். மறுமைமேல் மனிதருக்குள்ள ஏக்கத்தின் பெரும்பகுதி, நான் இருக்கவேண்டும் என்பதைவிட அவர் இருக்கவேண்டும் என்பதுதான்.

நம்முடைய சடங்குகளும் இதைத்தான் காட்டுகின்றன. ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். திவசத்தன்று அப்பாவுக்குப் பிடித்த பண்டத்தை இலையில் வைக்கிறோம். நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளில், கிறித்தவக் குடும்பங்கள் கல்லறையைக் கழுவிப் பூவிட்டு மெழுகுவத்தி ஏற்றுகின்றன. இசுலாமிய நண்பர்கள் அடக்கத்தலத்துக்குப் போய்ப் பெற்றோருக்காக துஆ செய்கிறார்கள். இறந்தவர் இன்னும் நம்மிடமிருந்து ஏதோ பெற்றுக்கொள்கிறார், அவருக்கு நாம் செய்யவேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது என்பதே இவை எல்லாவற்றிலும் உள்ள உணர்வு. கொடுப்பதும் பெறுவதும் நின்றுபோகக்கூடாது என்ற வேண்டுதலைத்தான் நாம் மறுமை என்று சொல்லிவருகிறோம்.

மகாபாரதத்தின் இறுதிப் பருவம் இதைக் கதையாகவே சொல்லிவிட்டது. தருமன் விண்ணுலகு சேர்கிறான். அங்கே துரியோதனன் ஒளியோடு வீற்றிருக்கிறான். தம்பியரையும் திரௌபதியையும் கர்ணனையும் காணவில்லை. அவர்கள் இருக்குமிடத்துக்குத் தன்னை அழைத்துப்போகக் கேட்கிறான். இருளும் நாற்றமும் நிறைந்த வழியில் அவன் நடந்து திரும்ப எண்ணும்போது, வேதனைக் குரல்கள் அவனை நிற்கச் சொல்கின்றன. அவன் நிற்பதால் குளிர்ந்த காற்று வீசுகிறதாம், அது அவர்களுக்கு ஆறுதலாய் இருக்கிறதாம். தருமன் அங்கேயே தங்குவதென்று முடிவுசெய்கிறான். அது அவனுக்கு வைக்கப்பட்ட சோதனை என்பது பிறகுதான் தெரிகிறது. தன்னால் யாருக்கு ஆறுதலோ அவர்கள் நடுவே இருப்பதுதான் தன் இடம் என்று அவன் கண்டுகொண்டான்.

மறுமையில் நம்பிக்கை இல்லாதவர்களும் இந்த அவையில் இருப்பீர்கள். உங்களுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு. தத்துவ அறிஞர் சாமுவேல் ஷெஃப்லர் 2012-இல் பெர்க்லியில் ஆற்றி, 2013-இல் நூலாக வந்த உரைகளில், நமக்குப் பிறகு மனிதர்கள் வாழ்வார்கள் என்ற நம்பிக்கையின் மேல்தான் நம் செயல்களில் பலவும் நிற்கின்றன என்று காட்டினார். நமக்குப் பின் யாரும் இருக்கப் போவதில்லை என்று தெரிந்தால் ஆராய்ச்சிக்கும் கலைக்கும் உள்ள மதிப்பு நம் கண்ணிலேயே சரிந்துபோகும். நம்மால் பார்க்கவே முடியாதவர்களின் வாழ்வு, நம் இன்றைய வாழ்வைத் தாங்குகிறது. நம்பிக்கை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலத்தை நமக்கு இனிதாக்குபவர்கள் பிறர்தான்.

எண்பது வயதின் சலிப்பு

நிறைவாக, இந்தக் கேள்வி நம் வீடுகளில் அன்றாடம் கேட்கப்படுகிறது என்பதைச் சொல்லவேண்டும். "எமன் இன்னும் என்னைக் கூப்பிட மாட்டேங்கிறானே" என்று சொல்லும் முதியவர்களை நாம் எல்லோரும் அறிவோம். முடிவில்லாத வாழ்வு சலிக்கும் என்பதற்கு அவர்களையே சான்றாகச் சிலர் காட்டுவார்கள். எண்பதிலேயே போதும் என்றால் எண்ணூறில் என்ன ஆகும் என்பார்கள்.

உடல் வலியால் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியது மருந்தும் நல்ல கவனிப்பும். வாழ்ந்து நிறைந்த மனத்தோடு சொல்பவர்களும் உண்டு. அந்த நிறைவை நாம் வணங்கவேண்டும். ஆனால் வேறொரு வகையினரே அதிகம். அடுப்பங்கரைப் பக்கம் வரவேண்டாம், நீங்க உக்காருங்கம்மா என்று சொல்லப்பட்டவர்கள். வரவு செலவு அவர்களைக் கேட்காமலே நடக்கிறது. பேரனின் பள்ளி, மகளின் வேலை, வீட்டுக் கடன் எதிலும் அவர்களிடம் யோசனை கேட்பாரில்லை. வேளைக்குச் சாப்பாடு வருகிறது, மாத்திரை வருகிறது, தொலைக்காட்சி ஓடுகிறது. அன்பினால்தான் இப்படிச் செய்கிறோம். ஆனால் ஆபுத்திரன் பார்த்துச் சிரித்த தேவருலகத்தைத்தான் அவர்களுக்குக் கட்டித் தந்திருக்கிறோம். எல்லாம் கிடைக்கும், ஒன்றும் கேட்கப்படாது. அதில் எண்பதாண்டும் சலிக்கும், எட்டு நாளும் சலிக்கும்.

ஆகவே தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. இறந்த பின் முடிவில்லாத வாழ்வு ஒன்று கிடைத்து, அங்கே நான் துய்ப்பதற்கு மட்டுமே அழைக்கப்பட்டால், அதை வேண்டாம் என்பேன். அங்கே கற்கவும் கற்பிக்கவும் உயிர்கள் இருந்து, என்னால் ஒருவர்க்கு ஆறுதல் உண்டு என்றால், அதன் நீளத்துக்கு நான் அஞ்சமாட்டேன். அந்த வாழ்வு நம் கையில் இல்லை. நம் வீட்டு மூத்தவர்களிடம் இன்று மாலையே யோசனை கேட்பதும், ஒரு பொறுப்பை அவர்கள் கையில் திருப்பித் தருவதும் நம் கையில் இருக்கின்றன. மறுமை வரமா சலிப்பா என்று வாதாடும் தகுதி, அதைச் செய்தவர்களுக்கே உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.